பி.பி., சுகர் மாத்திரையும் ஒரு நாள் கூலியும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடக்கும் பத்து நிமிஷத்தில் எனக்கு வரும் கேள்விகள், ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாலும் வராது. தோளில் தொங்கும் பி.பி. மிஷின் பையைப் பார்த்ததும் வண்டியை ஆஃப் செய்துவிட்டு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்து வண்டிக்காரர் சேர்ந்துகொள்வார். நான் டாக்டர் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பக்கத்துத் தெருக்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர். மாத்திரையை எழுதுவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. அது மாதா மாதம் விடாமல் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, எனக்கு ஒன்றும் பண்ணவே இல்லையே. எதற்கு மாத்திரை?

பி.பி.யின் குணமே அதுதான். தலைசுற்றல், பின்மண்டை வலி எல்லாம் சிலருக்குத்தான் வரும். 180-க்கு மேல் வைத்துக்கொண்டு காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவரை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அழுத்தத்தில் ரத்தக்குழாய் உள்ளுக்குள்ளே தடித்துக்கொண்டும் விறைத்துக்கொண்டும் வரும். மூளையில் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம், நெஞ்சில் அடைத்தால் மாரடைப்பு. கிட்னி என்றால் சத்தமே இல்லாமல் போகும். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அது பி.பி.தான். உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால், அது சொல்லும்போது பெரும்பாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சுகர், பி.பி. எல்லாம் பணக்கார வியாதிதானே?

அந்தக் காலத்துப் பேச்சு. இந்த மாதிரி நீடித்த நோய்களால் உலகத்தில் சாகிறவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குப் பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 31 கோடிப் பேருக்கு மேல் ரத்தக்கொதிப்பு என்று கணக்கிட்டது. இத்தனை பேரும் பணக்காரர்களா என்ன?

நம்ம ஏரியாவில் இது புதுசும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தது 1948-இல். நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் பிரிவு என்பார்கள். வித்தியாசம் எங்கே என்றால், காசு இருக்கிறவருக்கு ஏதோ ஒரு செக்கப்பில் சுகர் தெரிந்துவிடும். நம்ம ஆளுக்குக் கால்விரல் கறுத்த பிறகு தெரியும்.

மாத்திரை ஒரு தடவை ஆரம்பித்தால் சாகிறவரைக்கும் விட முடியாதாமே?

பெரும்பாலானவர்களுக்கு ஆமாம், விட முடியாது. எடை நன்றாகக் குறைந்து, உப்பும் குறைந்து, டாக்டரே மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. ஆனால் அது அவர் பார்த்துச் செய்வது. நாமாக நிறுத்துவது வேறு கதை.

வழக்கமாக நடப்பது இதுதான். மூன்று மாதம் ஒழுங்காகப் போடுவார்கள். மிஷினில் 130-க்கு 80 வரும். "நார்மல் ஆயிடுச்சு" என்று அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். மழையில் குடை பிடித்துக்கொண்டு போகிறவர் "நான்தான் நனையவே இல்லையே" என்று குடையை மடக்கினால் என்ன ஆகும்?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். விட்டவர்கள் எல்லாம் விஷயம் புரியாமல் விட்டார்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் லாரி ஷெட்டில் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர். ஆஸ்பத்திரி ஒன்றில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். காலையில் 7 மணிக்குப் போய் ஓ.பி. சீட்டு, டாக்டர் வரிசை, மாத்திரை கவுன்டர் வரிசை என்று வெளியே வரும்போது மணி 11:30. அதற்குள் லோடு வேறு ஆளுக்குப் போயிருக்கும். அன்றைக்குக் கூலி கிடையாது. மாத்திரை இலவசம்தான், ஆனால் அவருக்கு அதன் விலை 800 ரூபாய். நாலாவது மாதம் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இல்லம்மா, வாடகை இருந்தது" என்று ஒரே வரியில் முடித்தார். ஆறு மாதம் கழித்து இடது கை விழுந்துவிட்டது.

அதனால் யாராவது மாத்திரையை விட்டுவிட்டார் என்றால் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்க?" என்றுதான். பதிலைப் பொறுத்துத்தான் எங்கே, எப்போது வாங்குவது என்று சொல்ல முடியும்.

சரி, கூலி போகாமல் மாத்திரை வாங்க என்ன வழி?

45 வயது தாண்டியவர்கள், நடமாட முடியாதவர்கள் என்றால் வீட்டிலேயே கிடைக்கும். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் ஆரம்பித்ததே அதற்காகத்தான். முதல் தடவை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதாவது நாம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்கிற இடத்தில், டாக்டர் பார்த்து எழுதவேண்டும். அப்புறம் மாதா மாதம் என்னைப் போல ஒருத்தி மாத்திரையோடு வந்து பி.பி. பார்த்துவிட்டுப் போவாள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது எங்களுக்குப் பெருமைதான். அன்றைக்கும் மூன்று மாடி ஏறித்தான் மாத்திரை கொடுத்தேன் என்பது தனி.

வயது அதற்குக் கீழே, வேலைக்கும் போகவேண்டும் என்றால் நகர்ப்புற நலவாழ்வு மையத்தைப் பாருங்கள். 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 500 மையங்கள் திறந்தார்கள். காலையில் 8 முதல் 12, சாயங்காலம் 4 முதல் 8. இந்த மாலை நேரம்தான் கூலி வேலைக்காரர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் வைத்தியம் என்று நினைத்து, சாதாரண பி.பி. மாத்திரைக்கும் ஸ்டான்லி வரைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டான்லி வேண்டிய நேரம் வரும்போது போய்க்கொள்ளலாம்.

கவர்மென்ட் மாத்திரையில் வீரியம் கம்மியாமே? போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள் தருகிறீர்களே?

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகளை மொத்தமாக வாங்குவது 1994-இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். டெண்டர் எடுக்கும் கம்பெனி மாறினால் நிறம், அட்டை, அளவு எல்லாம் மாறும். உள்ளே இருக்கும் மருந்து மாறாது.

அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் என்ற பி.பி. மருந்தின் பெயர் இருந்தால், வெளியே கடையில் நீங்கள் வாங்கும் பெரிய பெயர் மாத்திரையும் பெரும்பாலும் அதே அம்லோடிபின்தான். இது தெரியாமல் ஒரு ஆயா காலையில் நாங்கள் கொடுத்ததையும், ராத்திரி மகன் கடையில் வாங்கிவந்ததையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மருந்து இரட்டிப்பானதில் கால் இரண்டும் வீங்கிப்போனதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வெளியே வாங்கியே ஆகவேண்டும் என்றால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மருந்துப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், காசு மிச்சம்.

பி.பி. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறதே?

காட்டும். குழாயடியில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜையில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு அரை மணி முன்னால் டீ, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக்கூடாது. மிஷின் ஓடும்போது பேசினாலே சில பாயின்ட் ஏறும். பேசாமல் இருக்கச் சொல்வதுதான் எங்கள் ஏரியாவில் கஷ்டமான வைத்தியம்.

சுகர் எவ்வளவு இருக்கலாம்? விரலில் குத்திப் பார்ப்பது சரியாக இருக்குமா?

காலையில் வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை நோய். மூன்று மாத சராசரி என்று எடுக்கும் எச்.பி.ஏ.1சி சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும். நோய் இருக்கிறது என்று உறுதி செய்வதற்குக் கையில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பதுதான் சரி. விரலில் குத்துவது இடையிடையே ஒரு கண் வைத்துக்கொள்வதற்கு.

குத்துவதற்கு முன்னால் கை கழுவியிருக்கவேண்டும். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் திராட்சை விற்கும் அம்மாவுக்கு ஒருநாள் 312 காட்டியது. அவர் முகமே வெளுத்துவிட்டது. விரலைப் பார்த்தால் பிசுபிசு என்று இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன், 168. திராட்சைச் சாறு ரத்தத்தோடு சேர்ந்து ஸ்ட்ரிப்பில் ஏறியிருக்கிறது. மீன் வெட்டும் பெண்களுக்கு விரல்நுனி காய்த்துப்போயிருக்கும். அவர்களுக்கு நுனியில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில் குத்தினால் ரத்தமும் வரும், வலியும் குறைவு.

ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? சப்பாத்தி, ஓட்ஸ் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகவேண்டிய அவசியமே இல்லை. அரிசியும் மாவுச்சத்து, கோதுமையும் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடுவதில்லை" என்றால் சுகருக்கு அது தெரியாது. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். களியை விடக் கூழ் வேகமாகச் சுகரை ஏற்றும். சொம்பு சொம்பாகக் குடித்தால் அரிசியை விட என்ன லாபம்? நாட்டுச்சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாம் பெயரில்தான் வேறு.

தட்டைப் பார்த்து மாற்றுவதுதான் வழி. இப்போது நம்ம வீட்டுத் தட்டில் முக்கால்வாசி சோறு, நடுவில் குழம்பு, ஓரத்தில் ஒரு விரல் பொரியல். அதில் சோற்றைக் கால்வாசி ஆக்குங்கள். பாதித் தட்டு காய் அல்லது கீரை. மிச்சம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எதுவோ ஒன்று. ரேஷனில் துவரம்பருப்பு வருகிறது. மீனுக்கு வஞ்சிரம் வேண்டாம், மத்தியும் கானாங்கத்தையும் போதும், உடம்புக்கும் அதுதான் நல்லது. குழம்பில் போடுங்கள், ரேஷன் பாமாயிலில் மொறுமொறு என்று வறுத்தெடுக்காமல் இருந்தால் சரி. காய் வாங்கக் காசு பற்றாது என்பார்கள். மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் கீரைக்கட்டும் கத்திரிக்காயும் பாதி விலைக்குத் தருவார்கள். எங்கள் வீட்டில் பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

வேலைக்குப் போகிற இடத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு அம்மா உணவக இட்லி மோசமில்லை. ஒன்று ஒரு ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று எட்டு சாப்பிடாதீர்கள்.

கருவாடு சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்கு "கூடாது" என்று சொல்லிவிட்டு குப்பத்தில் யாராலும் உயிரோடு வெளியே வர முடியாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் சாப்பிடுவது ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. சோறு வடிக்கும்போது, குழம்பில், பொரியலில், ஊறுகாயில், அப்பளத்தில் என்று பிரிந்து போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவை அலசிவிட்டு, அந்தக் குழம்புக்குத் தனியாக உப்பே போடாமல் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், பி.பி. கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு, பெரிய குற்றமில்லை. தினம் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்தான் உண்மையான எதிரி, அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. கிட்னி பாதிக்கப்பட்டவர்கள், இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோர்ப்பவர்கள் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

டீயை விட முடியாதே?

டீயை விடவேண்டாம். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 12 ஸ்பூன் சர்க்கரை, 50 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று சொல்லும் அளவு டீயிலேயே முடிந்துவிட்டது. பன், பஜ்ஜி கணக்கிலேயே வரவில்லை. சுகர் இல்லாதவர்கள் முதல் வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சுகர் வந்தவர்கள் "சக்கரை இல்லாம" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இப்போது எங்கள் டீக்கடையில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன். எனக்கும் வாக்கிங்கா?

உங்களுக்கு வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசையவேண்டும் என்பதுதான் கணக்கு, அது உங்களுக்கு இரண்டே நாளில் முடிந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தையல் மிஷினில் உட்காருகிறவர்கள், கடையில் உட்காருகிறவர்களுக்குத்தான் வேண்டும். எங்கே நடப்பது என்று பெண்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சந்தில் நடக்க முடியாது, லாரி ஓடும் ரோட்டில் புழுதி. விடியற்காலையில் பீச் பக்கமோ, பள்ளிக்கூட மைதானமோ, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். அதுவும் முடியாவிட்டால் ஹவுசிங் போர்டு மாடிப்படி இருக்கிறதே.

சுகர் "பார்டர்ல இருக்கு" என்கிறார்கள். பயப்படணுமா?

பயப்படவேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இதற்கு நம்ம இராயபுரத்திலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப் பார்டரில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு வந்தது. முழுசாகத் தடுத்துவிட முடியவில்லை, உண்மைதான். ஆனாலும் ஒரு மருந்துக்கடை பில்லும் இல்லாமல் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பித்தார்கள். பார்டரில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தபோது சுகர் வந்து, பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டது என்கிற பெண்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கிப் போடலாமா?

என்னைக் கோபப்படுத்தும் கேள்வி இதுதான். ராத்திரி கை கால் எல்லாம் விட்டுப்போகிற வலி, காலையில் மறுபடி வேலை. பத்து இருபது ரூபாய்க்குக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதைப் போட்டால் வலி போய்விடுகிறது. அதில் என்னென்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி மாத்திரைகளில் பல பி.பி.யை ஏற்றும், தினமும் போட்டால் கிட்னியைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் சுகரும் ஏறும். ஏற்கெனவே பி.பி., சுகர் இருக்கிறவருக்கு இது எரிகிற வீட்டில் எண்ணெய். வலி தாங்கவில்லை என்றால் மையத்தில் சொல்லுங்கள், எங்கள் திட்டத்தில் பிசியோதெரபி கூட வீட்டுக்கு வரும்.

டயாலிசிஸ் வரைக்கும் போனவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அது இலவசமாகவே நடக்கும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் படுக்கையில். வேலை என்ற பேச்சே அதோடு போய்விடும்.

மாவா போட்டால்தான் வேலை ஓடுகிறது. அதனால் என்ன வந்துவிடும்?

வாயைத் திறந்து மூன்று விரலை நெட்டுக்குத்தாக உள்ளே விட்டுப் பாருங்கள். போகிறதா? போகவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துப் பட்டை போட்டமாதிரி இருக்கிறது என்றால் இன்றைக்கே காட்டவேண்டும். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து அங்கேயே ஒதுங்கி ஒதுங்கி வாயை இறுக வைக்கும். அதிலிருந்து புற்றுநோய் வரலாம். 2013-இலிருந்து குட்கா தமிழ்நாட்டில் தடை. மாவா எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லவா, உங்களுக்குத்தான் தெரியுமே. வலி இல்லாத புண்ணாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் பல் டாக்டரிடம் போங்கள்.

குடிக்கு ஒரு வார்த்தை. சுகர் மாத்திரை, குறிப்பாக கிளிமிபிரைடு போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் குவாட்டர் அடித்துவிட்டுப் படுத்தால் நடு ராத்திரியில் சுகர் தாழ்ந்துவிடும். போதை என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுவார்கள். வியர்த்துக் கொட்டுகிறது, நடுங்குகிறார், உளறுகிறார் என்றால் நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

பெண்களுக்குக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் என்ன டெஸ்ட் எடுக்கிறார்கள்? வெட்கமாக இருக்கிறதே.

30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்க்கும் மார்புக்கும் பரிசோதனை. கர்ப்பப்பை வாயில் மருந்து தடவி வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள், ஐந்து நிமிஷம், இலவசம். பெண் நர்ஸ்தான் பார்ப்பார். நானும் முதல் தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள்தான். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே தெருவிலிருந்து நாலு பேராகப் போனால் வெட்கம் நாலாகப் பிரிந்துவிடுகிறது.

காலில் சின்னக் காயம்தான், ஆறாமல் இருக்கிறது.

சுகர்காரருக்குச் சின்னக் காயம் என்று ஒன்று கிடையாது. காசிமேட்டில் மீன் தரம் பிரிக்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்பார்கள். கெளுத்தி முள் ஏறும். சுகர் முற்றிப்போய்க் காலில் உணர்ச்சி மரத்திருந்தால் ஏறியதே தெரியாது. ஒரு அம்மா "மூணு நாளா செருப்புல ஏதோ நாத்தம்" என்று என்னிடம் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், நாற்றம் செருப்பில் இல்லை.

ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் பூட்ஸ் அல்லது பின்பட்டை வைத்த செருப்பு போடுங்கள். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் முன் சூட்டை வேறு யாராவது கையால் தொட்டுப் பார்க்கட்டும். காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம்.

இருமல் மூன்று வாரமாக நிற்கவில்லை. சுகருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சுகர் இருந்தால் டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அதனால் டி.பி. உள்ளவருக்குச் சுகரும், சுகர் உள்ளவருக்குச் சளியும் பார்க்கச் சொல்கிறார்கள்.

டி.பி. என்றதும் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வரும். 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். அப்போது டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கவேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு. இவர்கள் மெட்ராஸ் நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், இன்னொரு பாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே அதே மாத்திரையோடு. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஓட்டு வீட்டிலும் நோய் கட்டுப்படும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது சில நாள் அதை நினைத்துக்கொள்வேன்.

மணலி, எண்ணூர் பக்கம் இருக்கிறோம். மூச்சு இழைக்கிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

மணலியை 2009-லேயே கடுமையாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்தது. சாம்பலும் புகையும் யார் வீட்டுப் பழக்கமும் இல்லை, அதை நடைப்பயிற்சியால் சரிசெய்ய முடியாது. ஊர் சேர்ந்து கேட்கவேண்டியது அது. உங்கள் கையில் இருப்பது பீடியையும் கொசுவத்திப் புகையையும் நிறுத்துவது, இழைப்பு இருந்தால் இன்ஹேலரைப் பயப்படாமல் எடுப்பது. "இன்ஹேலர் பழகிவிடும்" என்பது கட்டுக்கதை. மாத்திரையை விடக் குறைந்த மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

நெஞ்சு வலி என்றால் முதலில் எங்கே ஓடுவது?

சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்ப்பதற்கு நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தால் அங்கே போகலாம். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சுகர்காரருக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகக் கூட வரும்.

வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் முதலில் கேட்பார், நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதெல்லாம் அப்புறம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

பெரிய மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு, அதற்குள் ஒரு சின்னப் பானையை இறக்கி, சுற்றிலும் மணலை நிரப்பித் தண்ணீர் தெளியுங்கள். காலையும் மாலையும் மணல் ஈரமாக இருக்கவேண்டும். இன்சுலின் பாட்டிலை மூடிபோட்ட சின்ன டப்பாவில் வைத்து உள்பானையில் வையுங்கள், ஈரத்துணியால் மூடுங்கள். வெயில் படாத, காற்று வரும் இடமாக இருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். திறந்த பாட்டிலை நாலு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் ஃபிரீசரில் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் வேலைக்கு ஆகாது.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் பல வீடுகளில் மாத்திரையும் சீட்டும் சேர்ந்தே நனைந்து கூழாகிவிட்டன. என்ன மாத்திரை போடுகிறோம் என்று சொல்லத் தெரியாமல் முகாமில் நின்றார்கள். இப்போது நான் எல்லாரிடமும் சொல்வது: சீட்டையும் மாத்திரை அட்டையையும் போனில் போட்டோ எடுத்து மகளுக்கோ மருமகனுக்கோ அனுப்பிவிடுங்கள். பத்து நாள் மாத்திரையை ஜிப் கவரில் போட்டு, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே வையுங்கள். தண்ணீர் வந்தால் யாரும் சொல்லாமலே முதலில் கையில் எடுப்பது அதைத்தானே.